உப்பு பூக்கும் கல்

கிள்ளானில் வளர்ந்தவனுக்குக் கடல் தெரியும், கடற்பாறை தெரியாது. நம்ம பக்கத்துக் கடல் சேற்றில்தான் ஆரம்பிக்கிறது. தஞ்சோங் ஹராப்பானில் நின்று பார்த்தால் கப்பல் தெரியும், கிரேன் தெரியும், கரையோரம் கொட்டிவைத்த கற்கள் தெரியும். அந்தக் கற்கள் எங்கேயோ ஒரு குவாரியில் உடைத்து லாரியில் வந்தவை. மற்ற இடமெல்லாம் பாக்காவ் காடு. மோரிப் போனாலும் இதே கதைதான். தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. மலாக்கா நீரிணை ஒடுக்கமானது, எதிரே சுமத்ரா மறைத்துக்கொண்டு கிடக்கிறது, அலை பெரிதாக எழும்ப இடமில்லை. அதனால் 'கடல் கல்லைத் தின்னும்' என்று யாராவது சொன்னால் நமக்கு ஞாபகம் வருவது சினிமாக் காட்சிதான்: ஆளுயர அலை, பாறையில் ஒரு மோதல், வெண்ணுரை, பின்னணி இசை.

அந்தக் காட்சி பொய்யில்லை. ஆனால் ஒரு கல்லின் மேல்தோலை, அதில் செதுக்கிய முகத்தை, விரலை, பிடரி மயிரை அழிக்கிற வேலை பெரும்பாலும் அலை அடிக்கிற நேரத்தில் நடப்பதில்லை. அலை போன பிறகு, வெயில் ஏறி, ஈரம் காய்கிற நேரத்தில் நடக்கிறது. அதைச் செய்வது தண்ணீர் விட்டுவிட்டுப் போன உப்பு. சத்தமில்லாத வேலை என்பதால் வரலாற்றில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. தமிழில் இதைப் பேச ஒரு நல்ல சாட்சி நம்மிடம் இருக்கிறது. 1,300 வருடமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்.

இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற ராஜசிம்மன் (ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை) காலத்தில் எழுந்தது இந்தக் கோயில். பாறையைக் குடைந்தும் தனிப்பாறையைச் செதுக்கியும் பழகிய ஊரில், கல்லை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டிய கோயில். உண்மையில் ஒன்றல்ல, மூன்று. கிழக்கே கடலைப் பார்த்த பெரிய சிவன் கோயில் ஒன்று, மேற்கே ஊரைப் பார்த்த சின்னது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அங்கேயே கிடந்த பாறையில் செதுக்கிய, பள்ளிகொண்ட பெருமாள். சோழர் காலக் கல்வெட்டு இவற்றை க்ஷத்ரியசிம்ம பல்லவேஸ்வரம், ராஜசிம்ம பல்லவேஸ்வரம் என்றெல்லாம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பெரிய விமானம் அறுபது அடி உயரம். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இங்கிருந்து தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகிற எல்லாருடைய கைப்பேசியிலும் இந்தக் கோயில் இருக்கும். அந்தப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். மதிலின் மேல் வரிசையாக நந்திகள் படுத்திருக்கும். நந்தி என்று நமக்கு எப்படித் தெரிகிறது? படுத்திருக்கும் விதத்தை வைத்துத்தான். பலவற்றுக்கு முகம் இல்லை. கொம்பு, கண், கழுத்துமணி எல்லாம் கரைந்து, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி ஒரு வடிவம் மட்டும் மிச்சம். சுவரோரத் தூண்களைத் தாங்கி நிற்கும் சிங்கங்களும் அப்படித்தான்.

இப்போது அதே ஊரில், கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் அர்ச்சுனன் தபசைப் பாருங்கள். யானையின் தோல் மடிப்பு தெரிகிறது. கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையின் விலா தெரிகிறது. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானின் கழுத்து வளைவு நேற்று செதுக்கியது போல இருக்கிறது. அதே ஊர், அதே குடும்பத்துக் கடினப் பாறை, ஏறக்குறைய அதே காலம். பொதுவாக அறிஞர்கள் தபசை முந்தைய தலைமுறையான மாமல்லன் காலத்துக்குக் கொண்டுபோவார்கள். (இரா. நாகசாமி 1962இல் இங்குள்ள எல்லாமே ராஜசிம்மன் வேலைதான் என்று ஒரு போடு போட்டார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.) எந்தக் கட்சியை எடுத்துக்கொண்டாலும் சரி, கடற்கரைக் கோயில் தபசைவிட வயதில் மூத்தது இல்லை. ஆனால் பார்த்தால் அதற்குத்தான் வயதாகியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முக்கியமான வித்தியாசம் சில நூறு மீட்டர் தூரம்தான்.

*

மாமல்லபுரத்தையும் கடலையும் பற்றி உலகம் பேசிய கதை வேறு. ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை 'ஏழு கோயில்' என்றார்கள். ஏழு இருந்தன, ஆறைக் கடல் விழுங்கிவிட்டது, மிச்சம் இது ஒன்றுதான் என்பது கதை. வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் கல்கத்தாவின் 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' தொகுப்பில் இதை எழுதினார். 1810இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சௌதே தன் நெடுங்கவிதை ஒன்றில் மூழ்கிய நகரமாகவே இதை ஆக்கிவிட்டார். அதன்பிறகு யார் வந்தாலும் கடலுக்குள்தான் பார்த்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பார்த்ததற்குப் பலனும் கிடைத்தது. 2002இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவும் சேர்ந்து முக்குளித்து, கரைக்கு அப்பால் நீருக்கடியில் சுவர் போன்ற கட்டுமான மிச்சங்களைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது, கடல் பின்வாங்கிய சில நிமிடங்களில் வரிசையாகக் கற்கள் தெரிந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அலை மணலை அள்ளிக்கொண்டு போனதில் சிற்பம் செதுக்கிய பாறைகள் வெளியே வந்தன. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டு ஒன்று தெரிய, அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியதில் ஒரு முருகன் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கல், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இந்தக் கதையில் கடல் ஒரு கொள்ளைக்காரன். ஒரு ராத்திரி வருவான், ஊரை வாரிக்கொண்டு போவான். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைதான் இடித்துத் தள்ளியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் புயல் முடித்துவிட்டது. ஆனால் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். அது எந்தப் புயலிலும் விழவில்லை. சுனாமியிலும் விழவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டே முகத்தை இழந்திருக்கிறது. கொள்ளைக்காரனைத் தேடிக் கடலுக்குள் இறங்கியவர்கள், கரையிலேயே உட்கார்ந்து தினமும் ஒரு துளி எடுத்துக்கொண்டிருந்தவனைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

*

நம்ம பாட்டிகள் பேசியிருக்கிறார்கள். "சுவத்துல உப்பு பூத்திருக்கு" என்பார்கள். "உப்பு அரிச்சிடுச்சு" என்பார்கள். இரண்டு வினைச்சொல்லும் எவ்வளவு சரியானவை என்று பொறியியல் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பூப்பது உள்ளேயிருந்து வெளியே வருவது. கரையானைப் போல, அரிப்பதும் உள்ளேயிருந்துதான். வெளியிலிருந்து அடித்து உடைப்பதற்கு 'அரித்தல்' என்று யாரும் சொல்வதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது நுண்ணிய துளிகள் காற்றில் ஏறுகின்றன. காற்று அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்து எதிர்ப்படும் எல்லாவற்றின் மேலும் பூசுகிறது. துளி கல்லின் மயிரிழை விரிசலுக்குள் இறங்குகிறது. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு படிகமாக நின்றுவிடுகிறது. இரவில் காற்று ஈரமானதும் அந்தப் படிகம் ஈரத்தை இழுத்துக் கரைந்து, இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. மறுநாள் மறுபடி படிகம். குறுகலான இடத்தில் வளரும் படிகம் சுவரைத் தள்ளும். ஆலம் விதை கோபுரத்தைப் பிளப்பது மாதிரி. ஒருநாள் தள்ளல் ஒன்றும் செய்யாது. ஆனால் கிரானைட் என்பது ஒரே வஸ்து இல்லையே. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று பல தாதுக்களின் பருக்கைகள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் அது. அந்தப் பிடி தளரத் தளர, பருக்கை பருக்கையாக உதிரும். கையால் தடவினால் மணல் வரும்.

சமையல் உப்பு கரைவதா படிகமாவதா என்று முடிவெடுக்கும் எல்லை காற்றில் 75 சதவீத ஈரப்பதம். அதற்கு மேல் போனால் ஈரத்தைக் குடித்துக் கசியும், கீழே வந்தால் காயும். நம்ம வீட்டு உப்பு ஜாடி மழைநாளில் நீர்விட்டு, வெயில்நாளில் கட்டிதட்டுவது இதனால்தான். எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் உப்பு கரைசலாகவே கிடக்கும், தொந்தரவு குறைவு. எப்போதும் வறண்ட இடத்தில் படிகமாகவே தூங்கும். எல்லையை அடிக்கடி தாண்டிப் போய்வரும் இடம்தான் மோசம். வெப்பமண்டலக் கடற்கரையில் இரவும் விடியலும் 75க்கு மேல், வெயில் ஏறிய பகல் பெரும்பாலும் கீழே. அதாவது நாளுக்கு ஒரு சுற்று. 1,300 வருடம் என்றால் 4,74,500 இரவுகள். மழைக்காலத்தைக் கழித்துவிட்டாலும் எண்ணிக்கை பயமுறுத்தத்தான் செய்கிறது.

இதே சுற்றைக் கட்டுமானத் துறையில் நாங்கள் செயற்கையாகச் செய்கிறோம். கான்கிரீட்டில் போடும் ஜல்லி தாங்குமா என்று பார்க்க, சோடியம் சல்ஃபேட் கரைசலில் 16 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து, 110 டிகிரி அடுப்பில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, இப்படி ஐந்து தடவை. கடைசியில் சலித்து, எவ்வளவு உதிர்ந்தது என்று எடை போடுவோம். சோதனைக்கூடத்தில் நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை இதுதான். "தண்ணில ஊறும்போது ஒன்னும் ஆகாது தம்பி, காயும்போதுதான் கல்லு அழும்" என்று அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் சொல்வார். அவர் பாடநூல் எதையும் படித்துச் சொல்லவில்லை. இருபது வருடம் தட்டுகளை எடுத்து வைத்ததில் தெரிந்துகொண்டது.

இந்தச் சோதனைக்கு வயது இருநூறு. 1820களில் பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் முறைப்படுத்தினார். வேடிக்கை என்னவென்றால், அவர் உப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. குளிர்காலத்தில் தண்ணீர் பனிக்கட்டியாகிக் கல்லைப் பிளப்பதைத்தான் சோதிக்க நினைத்தார். பனிக்கட்டி வேண்டும்போது கிடைக்காது என்பதால் அதன் இடத்தில் உப்பை வைத்தார். உப்பு ஒரு டூப் நடிகராகத்தான் உள்ளே வந்தது. கதாநாயகனே அதுதான் என்று ஒத்துக்கொள்ள இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1965இல் நியூசிலாந்தின் வெல்மனும் வில்சனும் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறிய கட்டுரையின் தலைப்பிலேயே, கடலோரத்திலும் பாலையிலும் உப்பு செய்யும் வேலை கவனிக்கப்படாமல் போனது என்ற குறை இருந்தது. இத்தனைக்கும் எகிப்துக்குப் போன ஹெரடோட்டஸ், மண்ணிலிருந்து உப்பு கசிந்து பிரமிடுகளையே கெடுக்கிறது என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பார்க்கும் கண் இருந்தது, கணக்கு போட ஆள் இல்லை.

உப்பின் வேலையை இயற்கையில் பார்க்க வேண்டுமானால் நாம் ரொம்ப தூரம் போகவேண்டாம். சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவில் கடலோர மணற்பாறைகள் தேன்கூடு மாதிரி குழி குழியாக இருக்கும். அலை அடித்து இப்படி ஒழுங்காகக் குழி விழாது. கல்லில் எங்கேயோ ஒரு சின்னப் பள்ளம். அதற்குள் வெயிலும் மழையும் குறைவு. வெளிமுகத்தில் படிந்த உப்பை மழை கழுவிவிடும், பள்ளத்துக்குள் இருப்பதைக் கழுவ ஆளில்லை. அதனால் பள்ளம் மேலும் பள்ளமாகும். கோயிலிலும் இதே விதிதான்: மழை நேராக விழும் இடத்தைவிட, கூரை விளிம்புக்கு அடியில், மறைவில் இருக்கும் சிற்பத்துக்கு ஆபத்து அதிகம். பாதுகாப்பான மூலை என்று சிற்பி நினைத்துச் செதுக்கிய இடம் உப்புக்கும் பாதுகாப்பான மூலை.

(மலாக்காவின் பழைய போர்த்துக்கீசியக் கோட்டை வாசலில் கல் முழுக்க ஓட்டையாக இருக்கிறதே, அதுவும் உப்பா என்று கேட்பார்கள். அது செம்பூராங்கல். அதன் பிறவிக்குணமே ஓட்டைதான்.)

இன்னொன்றும் இருக்கிறது. உளி கல்லை வெட்டும்போது வெட்டுப்பட்ட தளத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கிவிட்டுத்தான் போகும். நல்ல கிரானைட்டில் இயல்பாக இருக்கும் துளைகள் மொத்தக் கன அளவில் ஒரு சதவீதம்கூட இருக்காது. உப்புக்கு உள்ளே போக வழியே இல்லாத கல்லில், சிற்பம் செதுக்கியதாலேயே வாசல் திறக்கிறது. மூக்கு, காது, கொம்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை பல பக்கமும் காய்கின்றன. ஆகவே முதலில் போவது எது அழகோ அதுதான்.

*

கடலிலிருந்து தள்ளிப் போய்விட்டால் தப்பிக்கலாமா? நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நிற்கும் எகிப்தியக் கல்தூண் இதற்குப் பதில் சொல்லும். மூன்றாம் துத்மோஸ் காலத்தில், சுமார் 3,400 வருடத்துக்கு முன்னால் அஸ்வான் கிரானைட்டில் வெட்டியது. பிற்காலத்தில் விழுந்து, உப்பு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தது. ரோமானியர்கள் அதைத் தூக்கி அலெக்சாண்டிரியா கரையில் நிறுத்தினார்கள். 1881இல் அமெரிக்கர்கள் நியூயார்க்கில் நிறுத்தினார்கள். எகிப்தில் அத்தனை காலம் தாங்கிய எழுத்துகள் புது ஊரின் ஈரத்தில் மளமளவென்று உதிர ஆரம்பித்தன. 1885இல் மெழுகு பூசிக் காப்பாற்றப் போனபோது தளர்ந்துபோயிருந்த சில்லுகளை மட்டும் சுமார் 350 கிலோ எடுத்தார்கள். ரொம்ப காலம் நியூயார்க் பனியின் மேலும் புகையின் மேலும்தான் பழி. உப்பு மண்ணில் படுத்திருந்தபோது கல் குடித்த உப்பு, வறண்ட எகிப்தில் தூங்கிக்கிடந்தது, ஈரமான ஊருக்கு வந்ததும் விழித்துக்கொண்டது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

எனக்கு இதைப் படித்தபோது பிரிக்பீல்ட்ஸ் ஞாபகம் வந்தது. 1881இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரைப் புரட்டிப் போட்டபின், சுவெட்டன்ஹாம் அத்தாப்பையும் பலகையையும் விட்டுச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டச் சொன்னார். அதற்கான மண் இங்கே வெட்டப்பட்டது. யாப் குவான் செங்கின் சூளைகள் இங்கே எரிந்தன. ஊருக்குப் பெயரும் அப்படித்தான் வந்தது. கடல் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். ஆனாலும் பழைய கடைவீட்டுச் சுவர்களின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளைத் தூள் கொட்டியிருக்கும். நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக ஏறும்போது மண்ணில் உள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? அசிங்கமாக இருக்கிறதே என்று சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான பெயிண்ட் அடிப்பார். மூச்சுவிட முடியாத சுவரில் ஈரம் இன்னும் மேலே ஏறும். இரண்டு தீபாவளிக்குள் இடுப்பு உயரத்தில் பொரியும். முதலில் இருந்த சுண்ணாம்புப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு தானே உதிர்ந்து செங்கல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் நோய் என்று நினைத்துச் சுரண்டினோம்.

*

கடற்கரைக் கோயிலுக்குச் செய்த வைத்தியத்திலும் இந்தக் குழப்பத்தின் நிழல் உண்டு. பழைய படங்களில் அலை கோயிலின் கிழக்குப் படியைத் தொடும். முன்னாலிருந்த கல்தூண் தண்ணீருக்குள் நிற்கும். எனவே பார்த்தவர்களுக்கெல்லாம் முதலில் தோன்றியது அலையைத் தடுக்க வேண்டும் என்பதுதான். இருபதாம் நூற்றாண்டில் பெரும் பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டார்கள். அது இல்லையென்றால் அஸ்திவாரம் போயிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் தடுப்புக் கல்லில் மோதி உடையும் அலையும் சாரலைக் கிளப்பத்தான் செய்யும். கடல் நின்றது, உப்பு நிற்கவில்லை. என் கணக்கில் அந்தத் தடுப்பைவிடப் புத்திசாலித்தனமான காரியம், சுற்றிலும் சவுக்கு மரம் வைத்ததுதான். சவுக்கின் ஊசி இலைகள் காற்றைச் சல்லடை போல வடிகட்டி, உப்புத் துளியைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்கின்றன. பார்க்க வருகிறவர்கள் அதை நிழலுக்கு வைத்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

ஏற்கெனவே கல்லுக்குள் போய்விட்ட உப்பை என்ன செய்வது? தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவு கையாளும் முறை காகிதக் கூழ். கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. காகிதத்தைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து அரைத்து, கல்லின் மேல் கனமாக அப்பிவிடுவார்கள். கூழின் தண்ணீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். பிறகு கூழ் காய ஆரம்பிக்கும். காய்வது இப்போது கல்லில் இல்லை, கூழின் வெளிமுகத்தில். உப்பு நீர் அந்தப் பக்கம் இழுபட்டு, கூழுக்குள் படிகமாகும். உரித்து எடுத்துவிடலாம். கல்லைக் கெடுத்த அதே காய்தலை வைத்தே கல்லைச் சுத்தம் செய்வது. உரித்த கூழைத் தண்ணீரில் கலக்கி உப்பு எவ்வளவு என்று அளந்து, குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஆனால் அடுத்த கிழக்குக் காற்றில் மறுபடி வரும். ஒரு தடவை செய்துவிட்டு ரிப்பன் வெட்டும் வேலை இல்லை இது. வருடக்கணக்கில் யாராவது ஒருத்தர் கூழ் அரைத்துக்கொண்டே இருக்கவேண்டும். போன முகம் திரும்ப வராது. இருக்கிற முகம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

ராஜசிம்மனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நம் காலத்தில், எல்லாம் தெரிந்த பிறகு, கடலுக்குள்ளேயே ஒரு கற்சிலை வைத்தோம். கன்னியாகுமரி வள்ளுவர். கணபதி ஸ்தபதி வடித்தது, 38 அடிப் பீடமும் 95 அடிச் சிலையுமாக 133 அடி, 2000 ஜனவரி 1 அன்று கலைஞர் திறந்துவைத்தார். மூன்று கடல் கூடும் இடத்தில், நான்கு பக்கமும் சாரல் விழும் பாறையில், 7,000 டன் கல். பெருமைதான், நானும் அண்ணாந்து பார்த்தவன்தான். ஆனால் உப்பின் பார்வையில் அதைவிட வசதியான இடம் இல்லை.

அதனால் வள்ளுவருக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை வைத்தியம் நடக்கிறது. சுற்றிலும் சாரம் கட்டி, சிலையை நன்னீரில் கழுவி, கல் இணைப்புகளில் விரிசல் இருந்தால் சுண்ணாம்பும் கருப்பட்டியும் சேர்த்த கலவையால் அடைத்து, காகிதக் கூழ் அப்பி உப்பை இழுத்து, அதன்பிறகுதான் நீரை ஒட்டவிடாத சிலிக்கோன் வகை ரசாயனம் பூசுகிறார்கள். இந்த வரிசை முக்கியம். உள்ளே உப்பை வைத்துக்கொண்டு மேலே பூச்சு அடித்தால், பூச்சுக்குப் பின்னால் படிகம் வளர்ந்து கல்லின் தோலைத் தகடாகக் கழற்றிவிடும், பிரிக்பீல்ட்ஸ் சுவருக்கு நடப்பது மாதிரியே. பூச்சும் வெளித்தண்ணீரைத் தடுக்க வேண்டும், உள் ஆவியை விட வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது சுலபமில்லை. சில வருடத்தில் வெயில் அதைத் தின்றுவிடும். மறுபடி சாரம்.

2022இல் தொடங்கிய அப்படி ஒரு சுற்று, மழையும் காற்றும் இடைஞ்சல் செய்ய, 2023 வரை இழுத்தது. இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் வள்ளுவர் நின்ற மாதங்களில் படகுகள் விவேகானந்தர் பாறைக்கு மட்டும் போய்த் திரும்பின. பயணிகள் அந்தப் பாறையில் நின்றபடி, கூண்டோடு சேர்த்தே அவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.